எது அரசியல், எது அரட்டை?

கிரிக்கெட் ரசிகர்களின் பேச்சு கிரிக்கெட்டோடு நிற்பதில்லை. இளையராஜாவா ரஹ்மானா என்று போகும், தேர்தலுக்கும் தாவும். 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்கு மாறியபோது, நாங்கள் பேசியதெல்லாம் அரசியல்தான். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

இந்திய கிரிக்கெட் வாரியம் பெண்களுக்குச் சமமான போட்டி ஊதியத்தை அறிவிக்க 2022 வரை ஏன் ஆனது என்று நான் கேட்டால் மட்டும், "விளையாட்டில் அரசியலைக் கலக்காதே" என்கிறார்கள். அப்போதும் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களுக்கான உச்சத் தொகை 7 கோடி ரூபாய். பெண்களுக்கு 50 லட்சம்.

ஆண்கள் பேசினால் பொது விஷயம், பெண்ணின் ஊதியத்தைப் பேசினால் அரசியல். இந்தப் பாகுபாட்டை வகுக்கும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது? அடுத்த ஆட்டத்தன்றும் இதையே கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.