நினைவின் இரசாயனம்: எரிக் கண்டெலின் நூல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நரம்பியல் அறிஞர் எரிக் கண்டெல் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இன் சர்ச் ஆஃப் மெமரி’ எனும் நூல் அவரது சுயசரிதையாகவும் நினைவு பற்றிய ஆய்வின் வரலாறாகவும் ஒருங்கே அமைந்தது. 1938இல் நாஸிகளின் பிடியில் வீழ்ந்த வியன்னாவில் யூதச் சிறுவனாக வாழ்ந்த அவர், அந்நாட்களின் நினைவு அழியாது நின்றதைத் தமது ஆய்வு வாழ்வுடன் இணைத்துப் பேசுகிறார். அப்பக்கங்கள் உருக்கமானவை. எனினும் நாம் இங்கு நோக்க விழைவது நூலின் மையமான அறிவியற் கருத்தையும், அதன்மீது ஆசிரியர் எழுப்பும் தத்துவக் கட்டடத்தையுமே.

கண்டெல் தேர்ந்த பிராணி அப்லீசியா எனும் கடல் நத்தை. அதற்குள்ள நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 20,000 மாத்திரமே. அக்கலங்களைத் தட்டில் வளர்த்து, செரட்டோனினை ஒருமுறை செலுத்தினால் நரம்பிணைப்பு சில நிமிடங்களுக்கு வலுவடைகிறது. இதற்குப் புதிய புரதம் வேண்டியதில்லை. இருக்கும் புரதங்களில் ஏற்படும் சிறு மாற்றமே போதும். இடைவெளி விட்டு ஐந்து முறை செலுத்தினாலோ செய்தி கலத்தின் கருவரை செல்கிறது. அங்கே கிரெப்-1 எனும் புரதம் தூண்டப்பட்டு, அடங்கியிருந்த மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன. புதிய புரதங்கள் உருவாகின்றன. புதிய இணைப்புகள் முளைக்கின்றன. புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால் குறுகிய கால வலுவூட்டல் நிகழும், நீண்ட காலத்துக்குரியது நிகழாது என்பது 1986இல் காட்டப்பட்டது. கிரெப்-2 எனும் மற்றொரு புரதம் இதே செயலுக்குத் தடையாக நிற்கிறது. 1995இல் அத்தடையை அகற்றியபோது, ஒரேயொரு முறை செலுத்திய செரட்டோனினே நீடித்த விளைவைத் தந்தது.

மரபணுவை விதியின் ஏட்டுடன் ஒப்பிட்டு எழுதுவோர் எம்மிடையே உள்ளனர். அவர்கள் இப்பகுதியை நின்று வாசித்தல் நன்று. மரபணு இங்கே அனுபவத்துக்கு ஆணையிடுவதில்லை. அனுபவமே அதனைத் திறக்கிறது, மூடுகிறது.

இனி ஆசிரியரின் தத்துவத்துக்கு வருவோம். நடத்தல் கால்களின் தொழிற்பாடாக இருப்பது போல, மனமும் மூளையின் தொழிற்பாடே என்பது அவர் தொடக்கத்திலேயே முன்வைக்கும் நிலைப்பாடு. இதனை நத்தையின் இரசாயனம் நிறுவுகின்றதா? இல்லை என்பதே எமது கருத்து. கிரெப் நத்தையிலும் பழ ஈயிலும் எலியிலும் மனிதனிலும் தொழிற்படுகிறது. வாலில் பட்ட அதிர்ச்சிக்கும் மனனமான ஒரு சூறாவுக்கும் இடையிலான வேறுபாட்டை அது அறியாது. நினைவு எவ்வாறு நிலைக்கிறது என்பதற்கு அது விடை. நினைவுகூர்பவன் யார் என்பதற்கு அன்று. இறுதிப் பகுதியில் நேகல், சேர்ள் ஆகியோர் எழுப்பிய அகவனுபவச் சிக்கலை ஆசிரியரே எடுத்துப் பேசும்போது, தொடக்கத்தின் உறுதி தளர்ந்துவிடுகிறது.

எனினும், இதற்கு மறுப்பெழுதப் புகும் எம்மவரின் பதற்றமும் வேண்டாதது. நினைவு மூளையில் இடங்கொண்டால் ஆன்மா இல்லையென்றாகிவிடும் எனும் அச்சம் எமது மரபுக்கு அந்நியமானது. இப்னு ஸீனா ‘ஹாபிழா’ எனும் நினைவாற்றலை மூளையின் பின்னறையில் வைத்தார். அவரே பகுத்தறியும் ஆன்மா சடப்பொருளன்று என்றும் வாதிட்டார்.

இந்நூல் எமக்கு உண்மையில் பயன்படும் இடம் வேறு. நத்தையை ஒரே தொடராக 40 முறை தொட்டபோது உண்டான பழக்கம் ஒரு நாளே நின்றது. நாளுக்கு 10 முறையாக நான்கு நாட்கள் தொட்டபோது வாரக்கணக்கில் நின்றது. ஹிப்ழ் மத்ரஸாக்களின் முராஜஆ முறைக்கு இதோ அறிவியற் சான்று என முழங்க நாம் தயாரில்லை. பிள்ளை எத்தனை முறை ஓத வேண்டும் என்பதை நத்தை சொல்லாது. ஆயினும், எளிதில் பதியாதவாறு கலத்தினுள்ளேயே ஒரு தடை இருப்பதை அறிந்த உஸ்தாத், மறந்துபோன பாடத்துக்காகப் பிரம்பை எடுக்குமுன் சற்று யோசிப்பார். குர்ஆன் மனனத்தைக் கட்டிவைத்த ஒட்டகத்துக்கு ஒப்பிட்ட நபிமொழியும் நழுவுதலை இயல்பெனக் கொண்டே பேணுதலை வலியுறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. நினைவுகூரப்பட்ட அச்ச நினைவு மீண்டும் இளகி, மறுபடி நிலைக்கப் புதிய புரதத்தை வேண்டுகிறது என்பதை 2000ஆம் ஆண்டு கரீம் நாடரும் அவரது சகாக்களும் எலிகளில் காட்டினர். மனிதனின் எல்லா நினைவுகளுக்கும் இதை அப்படியே நீட்டுதல் பொருந்தாது. எனினும் ஹதீஸ் கலை மாணவருக்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. முஹத்திஸ்கள் நெஞ்சில் பேணும் ‘ழப்த்’தையும் ஏட்டில் பேணும் ‘ழப்த்’தையும் வேறுபடுத்தினர். அதாஉ இப்னு ஸாயிபின் நினைவு பிற்காலத்தில் குழம்பியமையால், அதற்கு முன்னர் அவரிடம் செவியுற்றோர் எவர், பின்னர் செவியுற்றோர் எவர் எனத் தனித்தனியே பட்டியலிட்டனர்.