இடைகழிச் சுவரும் இறைநாமமும்

வெறுஞ்சுவராகக் கிடக்கும் இடைகழியை அல்ஹம்ராவின் சாயலில் அணிசெய்ய ஸ்டென்சில் தகட்டை நாடுவோர் உளர். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதை நாம் குறையெனக் கொள்ளவில்லை. கிரனாடாவின் நஸ்ரி மன்னர்கள், அல்லாஹ்வையன்றி வெல்வோர் இலர் எனும் தம் விருதுவாக்கியத்தை அம்மாளிகைச் சுவரெங்கும் பொறித்தனர்; அச்சில் வார்த்த சுதையும் அங்குண்டு.

நம் மறுப்பு எழுத்தைப் பற்றியது. விண்மீன் கோலத்தில் கட்டங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சும் பட்டைகளே தகட்டைத் தாங்குகின்றன. வண்ணம் ஒற்றியதும் சுவரின் வெண்மையே பின்னற்கோடாகிவிடுகிறது. அழகிய பொருத்தம் இது! ஆனால் வாவின் தலையும், ‘அல்லாஹ்’ என்பதன் இறுதி ஹாவும் மூடிய வளையங்கள். அவற்றை வெட்டினால் உள்வட்டம் உதிர்ந்துவிடும். உதிராதிருக்க மெல்லிய பாலம் விடுகிறார்கள். அவ்விடத்தில் வண்ணம் படியாது. திருநாமத்தின் குறுக்கே வெட்டு விழுகிறது. சுதையில் எழுத்தும் தளமும் ஒரே உடலாதலால் இவ்விடர் இல்லை. தூரிகையால் இடைவெளியை நிரப்பிவிடலாம். நிரப்பாத சுவர்களையே நாம் மிகுதியும் கண்டோம்.

அல்ஹம்ராவை அளந்து வரைந்த ஆங்கிலேயர் ஓவன் ஜோன்ஸ், 1842 முதல் 1845 வரை வெளியிட்ட தம் நூலில், பஸ்குவால் தெ கயாங்கோஸைக் கொண்டு அரபு வாசகங்களின் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். அயலார்க்கு அது பொருளுள்ள சொல்லாக இருந்தது. ஓதத் தெரிந்த நமக்கோ கொடியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன.

அங்கே சுவரின் அடிப்பகுதியை ஓட்டுக்கோலங்கள் ஏந்த, எழுத்து பெரும்பாலும் மேலேயே நிற்கிறது. நம் இடைகழிகளிலோ செருப்பு கழற்றும் உயரத்திலும் அதை ஒற்றியிருக்கிறார்கள்.