முதல் பாதியை யார் வெட்டியது?

எலியட்டைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் அந்த 1928ஆம் ஆண்டு முன்னுரை வந்துவிடும். இலக்கியத்தில் நான் செவ்வியல் பக்கம், அரசியலில் மன்னர் பக்கம், மதத்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கம் என்று அவர் தன் மூன்று சார்புகளைப் போட்டு உடைத்த இடம். முதலாவதைப் பற்றி நம் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். இரண்டாவதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாவதை மட்டும் யாரும் தொடுவதில்லை. நானும் பல வருடங்கள் தொட்டதில்லை. கத்தோலிக்கர் என்றால் ரோமாபுரி, ஆங்கிலிக்கன் என்றால் இங்கிலாந்து அரசரின் திருச்சபை. இரண்டையும் ஒரு கோடு போட்டு இணைத்தால் என்ன அர்த்தம்? ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கேட்டேவிட்டேன். "அது சும்மா சாம்பிராணி, மெழுகுவர்த்தி சமாச்சாரம், விடுங்க" என்றார் நண்பர்.

அதை விடாமல் பிடித்துக்கொண்டு போனதில்தான் ஃபிராங்க் வெஸ்டன் என்ற பேராயரின் உரை கிடைத்தது. 1923 ஜூலையில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில், ஆங்கிலோ-கத்தோலிக்கக் குருமாரும் பங்கு மக்களும் கூடிய மாநாட்டின் முடிவில் அவர் பேசியது. நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த உரையில் என்னை மாற்ற வேண்டும் என்று அவர் எதுவும் பேசவில்லை. தன் ஆட்களிடம் பேசுகிறார். தன் கட்சிக்காரனிடம் ஒருவன் எப்படிப் பேச வேண்டும் என்று யோசிக்க வைத்ததால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1833இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள், நியூமன், பியூசி போன்றவர்கள் ஒரு இயக்கத்தைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை பாராளுமன்றத்தின் இலாகா அல்ல, அப்போஸ்தலர் காலத்திலிருந்து பேராயர்கள் வழியாக அறுபடாமல் வரும் பழைய திருச்சபைதான் என்பது அவர்கள் வாதம். நியூமன் 1845இல் ரோமுக்கே போய்விட்டார். மீதிப் பேர் உள்ளேயே இருந்தார்கள். அடுத்த தலைமுறை இந்த வாதத்தைப் புத்தகத்திலிருந்து பீடத்துக்குக் கொண்டுவந்தது: தூபம், மெழுகுவர்த்தி, பட்டு அங்கி, பாவசங்கீர்த்தனம். "ரோமாபுரிக்காரன் பின்வாசல் வழியா வர்றான்" என்று நாடே கொதித்தது. 1874இல் இதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஐந்து குருமார் சிறைக்குப் போனார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினால் ஜெயில்! இந்தக் குருமார் பலருக்கு வசதியான பங்குகள் கிடைக்கவில்லை. கிடைத்தது லண்டன் துறைமுகச் சேரி போன்ற இடங்கள். 1866இல் காலரா வந்தபோது சார்ல்ஸ் லௌடர் போன்றவர்கள் அங்கே நோயாளிகளோடு நின்றார்கள். ஆக, என் நண்பரின் 'சாம்பிராணி சமாச்சாரம்' சேரி வாசனையோடும் கலந்துதான் இருந்தது.

1923 வாக்கில் நிலைமை மாறியிருந்தது. ஜெயிலுக்குப் போன கட்சி ஆல்பர்ட் ஹாலை நிரப்பும் கட்சியாகிவிட்டது. மிச்சமிருந்த சண்டை நற்கருணைப் பேழை பற்றியது. அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைப் பீடத்தில் ஒரு பேழையில் வைத்து அதன் முன் முழந்தாளிட்டு வணங்கலாமா? பல பேராயர்கள் கூடாது என்றார்கள், அல்லது ஆயிரம் நிபந்தனை போட்டார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்த குருமாரில் பலர் தங்கள் பேராயரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர்கள்தான். மேடையில் நிற்பவரும் ஒரு பேராயர், ஆனால் நம்மவர். அவரிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்? முதுகில் ஒரு தட்டு.

தட்டுகிறார். அதில் கஞ்சத்தனமே இல்லை. உங்கள் பேழையை விடாதீர்கள், அந்த ஆராதனைக்கான உரிமைக்காகப் போராடுங்கள் என்கிறார். கைதட்டல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த அடி விழுகிறது. அந்த உரிமைக்காகப் போராடுகிறவன், பேழைக்கு முன்னாலிருந்து எழுந்து வெளியே வரவேண்டும். தனக்குள் இருக்கும் கிறிஸ்துவோடு இந்த நாட்டின் தெருக்களில் நடக்கவேண்டும். அதே இயேசுவைக் கந்தல் கட்டியவர்களிலும் கூலியில் நசுக்கப்படுகிறவர்களிலும் கண்டுபிடிக்கவேண்டும். சேரியில் இருக்கும் இயேசுவுக்கு இரங்காதவன் பேழையில் இருக்கும் இயேசுவை வணங்குகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதுதான் உரையின் புகழ்பெற்ற இடம்.

இதன் தர்க்கத்தைக் கவனியுங்கள். 'சடங்கை விட்டுவிட்டு ஏழைகளைப் பாருங்கள்' என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதைக் கேட்டு எந்தச் சடங்குக்காரனும் மாறியதில்லை, காதை மூடிக்கொள்வான். வெஸ்டன் எதிர்ப்பக்கமாக வருகிறார். உங்கள் சடங்கு உண்மை, அப்பத்தில் அவர் நிஜமாகவே இருக்கிறார், ஆகவே உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை என்கிறார். அப்பத்தில் இருப்பதாக நம்பாத ஒருவனுக்குக்கூடச் சேரியைப் பார்க்காமலிருக்க ஏதோ சாக்கு இருக்கலாம். ஜடப்பொருளில் கடவுள் இறங்குவார் என்று ஜெயிலுக்கே போன கட்சிக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவர்களுடைய பெருமையையே எடுத்து அவர்கள் கழுத்தில் நுகத்தடியாகக் கட்டுகிறார்.

ஒரு நகைச்சுவையும் உண்டு. உங்களுக்குத் திருப்பலி கிடைத்துவிட்டது, பீடம் கிடைத்துவிட்டது, பேழை வைக்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள். இனி பெருவழிகளுக்கும் வேலியோரங்களுக்கும் போங்கள், அங்கே பேராயர்கள்கூட உங்களைத் தடுக்கமாட்டார்கள் என்கிறார். ஒரு பேராயர் இதைச் சொல்கிறார். அரங்கம் சிரித்திருக்கும். எனக்கு இது உரையிலேயே கூர்மையான விமர்சனமாகப் படுகிறது. அனுமதி தேவைப்படும் விஷயத்துக்காக இத்தனை வருடம் சண்டை போட்டீர்களே, அனுமதியே தேவைப்படாத விஷயம் ஒன்று வாசலில் கிடக்கிறதே, அதற்கு ஏன் போகவில்லை?

நம் சிறுபத்திரிகைக் கூட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று இருக்கும். நமக்கு எதிராக நடந்த அநியாயங்களின் பட்டியல் நமக்கு மனப்பாடம். அதை ஒருமுறை ஒப்பித்துவிட்டு டீ குடிக்கப் போனால் கூட்டம் வெற்றி. போகட்டும்.

உரையில் எனக்கு உறுத்தும் இடமும் இருக்கிறது. எனக்குப் பொருளாதாரம் தெரியாது, அரசியலும் தெரியாது, நான் பேசுவது சுவிசேஷம் மட்டும்தான் என்று ஓரிடத்தில் சொல்கிறார். முதல் வாசிப்பில் எளிமை மாதிரித் தெரிந்தது. பிறகு அவர் வாழ்க்கையைப் படித்தபோது, 'அட, இது பச்சைப் பொய்யாச்சே' என்று தோன்றியது. அவர் சான்சிபாரின் பேராயர். 1898இல் அங்கே மிஷனரியாகப் போனவர், 1908இல் பேராயர் ஆனவர். அந்தத் தீவின் ஆங்கிலிக்கன் பேராலயம் பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுந்தது. ஜெர்மானியர்கள் ஆப்பிரிக்கர்களை நடத்திய விதத்தைப் பற்றி 1918இல் ஒரு பிரசுரம் எழுதினார். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது இனித்தது, ஜெர்மன் காலனியைத் திருப்பிக் கொடுக்காமலிருக்க ஒரு காரணமாயிற்றே. இரண்டே வருடத்தில், 1920இல், அடுத்த பிரசுரம்: 'கிரேட் பிரிட்டனின் கொத்தடிமைகள்'. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளை முதலாளிகளின் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்கர்களை வற்புறுத்தி வேலைக்கு அனுப்பும் தன் சொந்த அரசாங்கத்தின் கொள்கையை அதில் கிழித்தார். இவருக்கா அரசியல் தெரியாது?

அப்படியானால் ஏன் அந்த வாக்கியம்? ஆல்பர்ட் ஹாலில் இருந்தவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. கூலியைப் பற்றி ஒரு கொள்கையைச் சொல்லியிருந்தால் பாதி அரங்கம் அதை 'அரசியல்' என்று ஒதுக்கியிருக்கும். அந்தக் கதவை மூடத்தான் அப்படிச் சொன்னார் என்று வாதிடலாம், நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் விலை இருக்கிறது. கந்தல் கட்டியவனைத் தேடிப்போய்க் கால் கழுவும் துண்டை எடு என்று கேட்கிறவர், அவன் ஏன் கந்தல் கட்டியிருக்கிறான் என்பதை அரங்கத்தின் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறார். 1920 பிரசுரத்தில் இருந்த கோபம் அளந்து பேசுகிற கோபம். 1923 உரையில் அது இரக்கமாக உருகிவிட்டது. இரக்கம் பெரிய அரங்குகளுக்கு ஏற்றது என்பது உண்மைதான்.

இன்னும் சிக்கலான விஷயம் அவருடைய கை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்காகச் சான்சிபாரில் சுமைகூலிப் படை திரட்டியவர் இதே வெஸ்டன்தான். மேஜர் பதவியோடு, தானும் கூடவே நடந்தார். கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் துப்பாக்கி ஏந்தியவர்களைவிட மூட்டை சுமந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். பல பத்தாயிரம் பேர், நோயிலும் பசியிலும். அவர் தன் ஆட்களை அக்கறையாக நடத்தினார் என்றே சொல்கிறார்கள். ஆனாலும் யாருடைய போருக்கு, யாருடைய தோளில்? கட்டாய உழைப்பை அவ்வளவு கோபமாக எதிர்த்தவருக்கு அந்த நடை ஞாபகம் வராமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

சக கிறிஸ்தவர்களிடம் அவர் காட்டிய முகமும் வேறு. 1913இல் கிகுயூவில் கிழக்கு ஆப்பிரிக்க புராட்டஸ்டண்ட் மிஷன்கள் கூடி ஒரு கூட்டமைப்பைப் பற்றிப் பேசின. முடிவில் ஆங்கிலிக்கன் பேராயர் நடத்திய நற்கருணையில் மற்ற சபையாரும் பங்கெடுத்தார்கள். உடனே வெஸ்டன், மொம்பாசா, உகாண்டா பேராயர்கள் இருவர்மீதும் தப்பறைக் குற்றம் சாட்டி கேன்டர்பரிக்கு எழுதினார். பெரிய ரகளை. பேராயர் டேவிட்சனின் தீர்ப்பை லண்டன் குறும்பர்கள் இப்படிச் சுருக்கினார்களாம்: அந்த ஆராதனை கடவுளுக்கு மிகவும் உகந்தது, இனி ஒருபோதும் நடத்தக்கூடாது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களைக் குற்றவாளியாக்கியவரும், கந்தலில் கடவுளைப் பார்க்கச் சொன்னவரும் ஒரே ஆள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பீடத்தில் நடப்பது வெறும் அடையாளம் என்று அவர் நினைத்திருந்தால் கிகுயூவில் சண்டை போட்டிருக்கமாட்டார். ஆல்பர்ட் ஹாலில் அப்படிப் பேசியிருக்கவும் முடியாது.

இந்த வேரின் கசப்பான கிளை ஒன்று நம் ஊர்வரைக்கும் நீண்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளை ஒன்றாக்கும் பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்து முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா அதன் முன்வரிசையில் இருந்தார். ஒரே கிராமத்தில் இரண்டு கோவில், இரண்டு பீடம் என்பது அவருக்குத் தாங்க முடியாத அவமானம். இங்கிலாந்தில் இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள். பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத குருமாரும் அப்படியே சேர்ந்துகொள்ளலாமா என்பது அவர்கள் கேள்வி. 1943இல் அதை எதிர்த்துப் பிரசுரம் எழுதியவர்களில் ஒருவர், ஆமாம், டி.எஸ். எலியட். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை, 1945 புத்தாண்டு அன்று இறந்துவிட்டார். நம் இலக்கிய மேடையில் கொண்டாடப்படும் எலியட், நம் பக்கத்துத் தெருக் கோவில் இப்படி உருவாகக்கூடாது என்று எழுதியவர் என்பது எனக்கு இந்தத் தேடலில்தான் தெரிந்தது. வெஸ்டன் உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? எலியட் பக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நின்றுவிட்டு, அந்தக் கிராமத்துக்கு நடந்தும் போயிருப்பார். எலியட்டின் அந்தக் கோட்பாட்டுச் சண்டையில் எனக்குக் கிடைக்காதது அந்த நடைதான்.

1924 நவம்பரில், ஆல்பர்ட் ஹாலுக்கு ஒன்றேகால் வருடம் கழித்து, வெஸ்டன் ஆப்பிரிக்காவிலேயே இறந்தார். உரை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சமூகநீதி பேசும் கிறிஸ்தவர்கள் அந்தச் சேரி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சடங்குப் பிரியர்கள் பேழைக்காகப் போராடச் சொன்னதை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் அந்த உரையின் வேலையே. வெட்டினால் ஒருபக்கம் சுவரொட்டி மிஞ்சும், மறுபக்கம் கட்சிக்கொடி.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, 'சாம்பிராணி சமாச்சாரம்' என்ற அந்த நண்பருக்கு உரையின் சாரத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். சேரி பற்றிய வரி அபாரம், ஸ்டேட்டஸ் வைக்கிறேன் என்றார். வைத்தார். போய்ப் பார்த்தேன். பேழை இல்லை.