ஆட்சேர்ப்பு மென்பொருளும் நடுவுநிலைமையும்

ஒரு பதவிக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவியுமிடத்து அவை அனைத்தையும் மனிதர் வாசித்து முடித்தல் எளிதன்று. விண்ணப்பங்களைத் தரம்பிரித்துப் பெரும்பாலானவற்றை முதற்படியிலேயே விலக்கும் மென்பொருள்கள் இத்தேவையினடியாகத் தோன்றியவை. அவற்றை ஆதரிப்போர் காலச் சிக்கனத்தோடு நடுவுநிலைமையையும் அவற்றின் பயனாகக் கூறுவர். வாசிப்பவருக்குரிய சோர்வும் விருப்பு வெறுப்பும் இயந்திரத்துக்கு இல்லை என்பது அவர்தம் வாதம். முதலாவது பயன் மறுக்கற்பாலதன்று. இரண்டாவதோ ஆராய்ந்தே கொள்ளப்பட வேண்டியது.

இவ்வாராய்ச்சிக்கு இலண்டன் சென். ஜோர்ஜ் வைத்தியசாலை மருத்துவக் கல்லூரியின் அனுபவம் தக்கதொரு தொடக்கமாகும். அங்கு நிகழ்ந்தது தொழிலுக்கான ஆட்சேர்ப்பன்று, மாணவர் சேர்ப்பே. எனினும் பிரச்சினை ஒன்றே. ஆண்டுதோறும் வந்த ஏறத்தாழ 2,500 விண்ணப்பங்களை வடிகட்டுதற்கு 1970களில் ஒரு கணனிச் செய்நிரல் ஆக்கப்பட்டது. அதன் முடிவுகள் தெரிவுக் குழுவினரின் முடிவுகளோடு 90 முதல் 95 சதவீதம் வரை ஒத்திருந்தமை அதன் செம்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1982 முதல் முதற்கட்டத் தெரிவு முழுவதும் அதனிடமே விடப்பட்டது. அச்செய்நிரலோ பெண்களுக்கும், பெயராலும் பிறந்த இடத்தாலும் ஐரோப்பியரல்லாதார் எனக் கருதப்பட்டோருக்கும் பாதகமாகப் புள்ளியிட்டது. கல்லூரியின் விரிவுரையாளர் இருவர் 1986இல் இதனை இனச் சமத்துவ ஆணைக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். கல்லூரி பாகுபாடு காட்டியுள்ளதென ஆணைக்குழு 1988இல் முடிவு செய்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 பேர் இதனால் நேர்முகப் பரீட்சைக்கான வாய்ப்பை இழந்திருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது, இயந்திரம் பிழை செய்யவில்லை என்பதே. குழுவினர் செய்துவந்த பாகுபாட்டை அது வழுவாது செய்தது. மனிதரோடு ஒத்துப்போதலே உரைகல்லாகக் கொள்ளப்பட்டமையால் அதன் வெற்றியும் குற்றமும் ஒன்றேயாயின.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. அக்கல்லூரியில் ஐரோப்பியரல்லாத மாணவரின் விகிதம் இலண்டனின் வேறு பல மருத்துவக் கல்லூரிகளிலும் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் அங்கு பாகுபாடு செய்நிரலில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டதை வாசித்து நிறுவ முடிந்தது. மனத்துள் மட்டும் உறையும் பாகுபாட்டை நிறுவுதல் அரிது.

பிற்கால மென்பொருள்களில் இவ்வாய்ப்பும் அருகிவிட்டது. அமேசன் நிறுவனம் 2014 முதல் விண்ணப்பதாரருக்கு ஒன்று தொடக்கம் ஐந்து வரை நட்சத்திரமிடும் மென்பொருளொன்றைப் பரீட்சார்த்தமாக உருவாக்கியது. பத்தாண்டுக் காலத்தில் தனக்குக் கிடைத்த விண்ணப்பங்களைக் கொண்டு அதனைப் பயிற்றியது. அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவாக, ‘மகளிர்’ என்னும் பொருள்தரும் சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களை மென்பொருள் தாழ்த்தியது. அவ்வாறு செய்யுமாறு எவரும் விதி எழுதவில்லை, கடந்தகாலமே விதியாயிற்று. குறித்த சொற்களைப் பொறுத்துத் திருத்தம் செய்யப்பட்டபோதும் வேறு வழியிற் பாகுபாடு புகாது என்பதற்கு உறுதியில்லாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இச்செய்தி 2018இல் வெளியானது. ஆட்தெரிவுக்கு அம்மென்பொருள் பயன்படுத்தப்படவில்லை என நிறுவனம் கூறியது. ஆயினும், நிறுவனத்தின் பழைய ஏடுகளே தகைமையின் அளவுகோலாகும்போது நேர்வது யாதென்பதை இது காட்டிற்று.

சட்டங்கள் இதனை உணரத் தொடங்கியுள்ளன. நியூயோர்க் நகரம் 2021இல் இயற்றி 2023 யூலை முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், இத்தகைய கருவிகள் பக்கச்சார்பு குறித்துச் சுயாதீனமாகப் பரிசோதிக்கப்படல் வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சேர்ப்புக் கருவிகளை உயர் ஆபத்துடையவற்றுள் அடக்குகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், நியூயோர்க்கின் பரிசோதனை பால், இனம் என்பன பற்றிய விகிதங்களையே கணிக்கிறது. விலக்கப்பட்ட தனியொருவருக்குக் காரணம் கூறுவதில்லை.

ஆகவே, மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்பதன்று வினா. எவ்வளவுகோலால் தான் அளக்கப்பட்டார் என அறியும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டா, அதற்கு விடைகூறக் கடமைப்பட்ட மனிதர் எவரேனும் உளரா என்பதே வினா. விடைகூறுவார் இல்லாதவிடத்து நடுவுநிலைமை என்பது பெயரளவினதேயாகும்.