தள்ளாடும் பூனைக்கு எந்தத் தொட்டி? ஒரு வழிகாட்டியைக் கரிசல் காட்டில் வைத்து வாசித்தல்

வீட்டுக்குள் கண்ட இடத்தில் மூத்திரம் போகும் பூனையை என்ன செய்வது என்பதற்கு ஒரு முக்கியமான மருத்துவ ஆவணம் இருக்கிறது. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் (ஏஏஎஃப்பி) சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்பும் (ஐஎஸ்எஃப்எம்) சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி அது. 'உங்கள் பூனை லிட்டர் பாக்ஸில் போகவில்லையா?' என்று இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் இதே விதிகளைத்தான் திருப்பிச் சொல்கின்றன. ஒரு நூலை விமர்சனத்துக்காக வாசிப்பது மாதிரி இதை வாசித்தேன். அருப்புக்கோட்டையில் பெரியம்மா வீட்டில் இருக்கும் ஒரு பூனைதான் காரணம்.

முதலில் இந்த வழிகாட்டியின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பூனை வன்மத்தாலோ பழிவாங்கவோ வெளியே போவதில்லை என்பதை அது தெளிவாக வைக்கிறது. காரணங்களை நான்காகப் பிரிக்கிறது: உடல் நோய், காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி, எல்லை குறிக்கும் பழக்கம், சுற்றுப்புறமும் தொட்டியும் ஒத்துவராமை. நம்ம ஊரில் "திட்டுனதுக்குக் கோவிச்சுக்கிட்டு கட்டில்ல மோண்டு வச்சிருச்சு பாரு" என்று சொல்லாத வீடு இல்லை. அமெரிக்காவிலும் இதையேதான் சொல்கிறார்கள் போல, இல்லையென்றால் மறுக்க வேண்டிய அவசியம் என்ன? குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடு என்ற அந்த ஒரு திருப்பத்துக்காகவே இதை மதிக்கிறேன்.

இனி பூனை. இரண்டு வயசுப் பெட்டை, கறுப்பும் வெள்ளையும். நாலு காலையும் அகட்டி வைத்து ஆடி ஆடி நடக்கும். கிண்ணத்தை நோக்கிக் குனிந்தால் தலை நடுங்கும். தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பான்லுகோபீனியா வைரஸ் தாக்கினால், வயிற்றிலிருக்கும் குட்டியின் சிறுமூளை முழுதாக வளராமல் நின்றுவிடலாம். இந்தப் பூனையைப் பார்த்த மருத்துவர் சொன்னதும் அதுதான். இதில் வலி கிடையாது, வயசாக ஆக முற்றுவதும் கிடையாது, ஆயுசும் குறையாது. புத்தி தெளிவாகவே இருக்கும், நிதானம் மட்டும் கிடைக்காது.

வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. பூனை ஒண்ணுக்குப் போன இடம் நூல் கட்டு. கறை பட்ட நூலை யாரும் வாங்க மாட்டார்கள், அது கூலியில்தான் கழியும். மூன்றாவது தடவை ஆனதும், "சாக்குல கட்டித் திருச்சுழி ரோட்டுல ஏதாவது கம்மாக்கரையில விட்டுட்டு வா" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நடக்கவே தள்ளாடும் பூனைக்குக் கண்மாய்க்கரை என்றால் பட்டினி, இல்லையென்றால் நாய். பசியாலும் தாகத்தாலும் தவிக்க நேரும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். ஆனால் நூல் கட்டுக்கு முன்னால் நின்று சட்டம் பேசினால் எடுபடாது. தொட்டி வேலை செய்தாக வேண்டும்.

இங்கேதான் வழிகாட்டியோடு எனக்கு உரசல் தொடங்குகிறது. அதன் அடிப்படைச் சொல் 'விருப்பம்'. பூனைக்கு எந்த மணல் பிடிக்கும், எந்த இடம் பிடிக்கும், மூடிய தொட்டியா திறந்த தொட்டியா என்று கேட்கிறது. கால் நன்றாக இருக்கும் பூனையிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். வயதான, மூட்டுவலி உள்ள பூனைக்குத் தாழ்வான விளிம்பு வேண்டும் என்றும் சொல்கிறது, ஆனால் அது ஓரத்துக் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. 2002-ல் வந்த ஓர் எக்ஸ்ரே ஆய்வில் 12 வயதைத் தாண்டிய பூனைகளில் 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அப்படியென்றால் உடல் முடியாமை விதிவிலக்கா? போதுமான காலம் உயிரோடிருக்கும் ஏறக்குறைய எல்லாப் பூனைக்கும் வரப்போகிற கட்டம் அது. எது பிடிக்கும் என்பதற்கு முன்னால் எது முடியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்தேன். அவள் நூல் கட்டைத் தேடிப் போகவில்லை. (திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர் பிராணிகளை 'அது' என்று சொல்லாமல் அவன், அவள் என்றே சொல்வார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரனாக அந்த உரிமையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.) தொட்டிக்குத்தான் போனாள். விளிம்பைத் தாண்டும்போது பின்னங்கால் தட்டிக் கவிழ்ந்தாள். எழுந்து, சாய்ந்து நிற்க ஏதாவது கிடைக்குமா என்று போனாள். டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் பக்கவாட்டில் சாய்வதற்கு இடம் கொடுத்தது சுவரோரம் இருந்த நூல் கட்டு ஒன்றுதான்.

ஆக அவளுக்குத் தேவை இரண்டு: நுழையும் இடம் தரையோடு தரையாக இருக்க வேண்டும், மற்ற மூன்று பக்கமும் சாய்ந்துகொள்ள உயரமாக இருக்க வேண்டும். தாழ்வான தட்டு மட்டும் வைத்திருந்தால் பாதிதான் தீர்ந்திருக்கும். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை ரம்பத்தால் தரை வரை அறுத்து, வெட்டுவாயைத் துணி சுற்றி ஒட்டி, அடியிலும் முன்னாலும் சாக்கு விரித்தோம். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தொட்டி என்கிறது வழிகாட்டி. 45 செ.மீ. பூனைக்கு ஏறக்குறைய 68 செ.மீ. இந்த விதி சரியாகவே வேலை செய்தது. விழுந்து எழுந்து திரும்புகிற பூனைக்கு இன்னும் கொஞ்சம் கூட இருந்தாலும் நல்லது.

அடுத்தது மணல். எட்வர்ட் லோ என்பவர் 1947-ல் அமெரிக்காவில் முல்தானி மிட்டி வகைக் களிமண்ணைப் பூனைக்காக விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த வியாபாரம் இது. இப்போது கடையில் கிடைக்கும், கட்டி பிடிக்கும் ரகம் சோடியம் பென்டனைட். அதிலுள்ள ஸ்மெக்டைட் என்ற களிமக் குடும்பம்தான் நம் கரிசலிலும் இருக்கிறது. அப்படியென்றால் காட்டிலிருந்து ஒரு சட்டி அள்ளிப் போட்டால் போதாதா? போதாது. கரிசலில் பொதுவாகக் கால்சியம் ஆதிக்கம். சோடியம் ரகம் போல ஊறி உருண்டையாகாமல் பசையாகும். மழையில் கரிசலில் நடந்து செருப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதில் ஒரு தள்ளாடும் பூனை விழுந்தால் உடம்பெல்லாம் சேறு.

அடுப்புச் சாம்பல் ஈரமானால் காரம், தோலைப் புண்ணாக்கும். சீமைக்கருவேல மூட்டத்தில் மிஞ்சும் கரித்தூள் இந்தப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கரிக்காலோடு பூனை நூல் மேல் நடந்தால் பெரியப்பா என்னையும் சேர்த்துச் சாக்கில் கட்டுவார். எம்-சாண்ட் கூர்மையாகக் குத்துகிறது. கடைசியில் வீட்டு வேலையில் மிஞ்சிய ஆற்று மணல்தான் கைகொடுத்தது. சலித்து இரண்டு விரற்கடை மட்டும் போட்டோம். கால் புதைகிற ஆழம் இவளுக்கு ஆகாது.

இடம் பற்றிய அறிவுரை: சத்தம் போடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் தொட்டி வேண்டாம். வாஷிங் மெஷினை மனதில் வைத்து எழுதியது. தறி ஓடும் வீட்டில் சத்தமில்லாத மூலை எங்கே? இவள் பிறந்ததே அந்தச் சத்தத்தில்தான், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டுப் பார்க்கிறாள். அதனால் தொட்டியை அவள் ஏற்கெனவே போன அதே சுவரோரம் வைத்து, நூல் கட்டைப் பலகை மேல் ஏற்றினோம். விதி சொன்ன அமைதியை விட, அவள் தன் காலாலேயே தேர்ந்தெடுத்த இடம் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

கழுவுவதில்தான் இந்தப் பக்கத்து வாசகருக்குப் பெரிய இடைவெளி. மூத்திர வாடையை உடைக்கும் நொதிக் கரைசல் பூசு என்பது இந்தத் துறையின் வழக்கமான அறிவுரை. நம் வீடுகளில் கை போவது பினாயிலுக்கு. பீனால் சேர்ந்த பொருட்களைக் கழித்து வெளியேற்றும் ஈரல் நொதி ஒன்று பூனைக்கு வேலை செய்வதில்லை. கறுப்பு பினாயில் துடைத்த தரையில் விழுந்து எழுந்து உடம்பை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. அதே குறைதான் பாராசிட்டமாலையும் விஷமாக்குகிறது. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். பூனை முனகுகிறது என்று பாதி மாத்திரை கொடுப்பதும் இதே வகை ஆபத்து. சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு வெயில் போதும். குடத்துக் கணக்கில் தண்ணீர் புழங்கும் ஊரில் அடிக்கடி தொட்டி கழுவுவது பாரம்தான். இரண்டு தொட்டி இருந்தால் ஒன்று புழக்கத்திலும் மற்றது மாடி வெயிலிலுமாக இருக்கும். இந்த ஊரில் குறைவில்லாமல் கிடைப்பது வெயில் ஒன்றுதானே.

வழிகாட்டியின் ஒரு விதியை மட்டும் எந்த ஊரிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது: முதலில் உடம்பைப் பார். கடுவன் பூனை முக்கி முக்கி ஒரு சொட்டும் வராமல் தவித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வண்டி ஏறி இடுப்புக்குக் கீழே உணர்வு போன பூனைக்குத் தொட்டியே தீர்வு இல்லை. தினம் இரண்டு மூன்று தடவை வயிற்றை அமுக்கி மூத்திரப்பையைக் காலி செய்யும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். அது ஒரு ஆளின் தினசரி வேலை. வழிகாட்டிகளில் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் அந்த ஆள்தான். எங்கள் வீட்டில் அந்த ஆள் பெரியம்மா. தறிக்கும் அடுப்புக்கும் நடுவே மணலைச் சலித்து அள்ளுவது அவர்.

வெளியே போவது முழுக்க நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. விழும் நாட்களில் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் சாக்கிலேயே போய்விடுகிறாள். சாக்கைத் துவைத்துப் போடுகிறார்கள். நூல் கட்டில் போவது நின்றிருக்கிறது. பெரியப்பா கண்மாய்ப் பேச்சை இப்போது எடுப்பதில்லை, இன்னொரு தொட்டி அறுக்க ரம்பம் எங்கே என்று போன வாரம் கேட்டார்.