அரோவானாவின் நிறமும் வெளிச்சமும்: வளர்ப்பு மரபுகள், தரங்கள்

அரோவானாவின் நிறத்துக்கு வம்சம் முதற்காரணம், தீன் இரண்டாவது, வெளிச்சம் மூன்றாவது. வம்சத்தில் இல்லாத சிவப்பை எந்த மின்குமிழும் தந்துவிடாது. ஆனால் வம்சத்தில் உள்ள சிவப்பு வெளிவராமற் போவதற்குப் பிழையான வெளிச்சம் போதும். மேற்குக் கலிமந்தானின் கப்புவாஸ் ஆற்றுச் சிவப்பு, பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவின் பொன்முதுகு, சுமாத்திராவின் ரியாவ் பகுதிச் செவ்வால் பொன் ஆகிய மூன்றும் அரோவானா வளர்ப்போருக்குப் புதியவையல்ல. 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கும் இந்த ஆசிய வகைகள், பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, நுண்சில்லும் சான்றிதழும் கொண்டு வந்தாலே காட்சிச் சபைக்குரியவை. இலங்கையின் வன்னியில் அதிகம் வளர்வது அமேசன் ஆற்று வெள்ளி அரோவானா. அதற்கும் தனித் தரம் உண்டு.

மீனின் தோலில் நிறத்தை ஆள்பவை நால்வகைக் கலங்கள். கருங்கலத்திலும் மஞ்சட்கலத்திலும் செங்கலத்திலும் சாயம் இருக்கிறது. நான்காவதான மினுக்கக் கலத்தில் சாயமில்லை. அதிலுள்ள குவானின் தகடுகள் ஒளியைத் தெறிக்கவைப்பதே பொன் மினுக்கமாகத் தெரிகிறது. மேலிருந்து விழும் வெளிச்சத்தையும் அடித்தளத்திலிருந்து திரும்பும் வெளிச்சத்தையும் மீனின் கண் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அடி வெளிறியிருந்தால் எம்.சி.எச். எனும் ஹோர்மோன் சுரந்து, கருங்கலத்திலுள்ள கருமணிகள் அதன் நடுவே ஒடுங்கும். அடி கறுத்திருந்தால் எம்.எஸ்.எச். எனும் ஹோர்மோனால் அவை பரவி உடல் இருளும். சமன் மீனின் கபச்சுரப்பியிலிருந்து எம்.சி.எச். பிரித்தெடுக்கப்பட்டது 1983இல். கருமணிகள் ஒடுங்கவோ பரவவோ நிமிடங்களோ மணித்தியாலங்களோ போதும். மாதக்கணக்கில் அதே சூழல் நீடித்தால் கருங்கலங்களின் எண்ணிக்கையே மாறிவிடும். ஆகவே விளக்கின் பலத்தைக் கூட்டி அடித்தளத்தை மறந்தவர் பாதி வேலையே செய்தவர்.

வெண்தொட்டி மரபு இந்த உண்மையின்மேல் எழுந்தது. பொன்முதுகுக் குஞ்சைச் சுற்றிலும் அடியிலும் வெள்ளையான தொட்டியில் விட்டு, மேலே பலமான வெள்ளை விளக்கைப் போட்டு வளர்ப்பர். கருமை ஒடுங்க, செதிலின் நடுப்பகுதி வரை பொன் ஏறும். வயிற்றிலிருந்து மேலே எண்ணும்போது செவ்வால் பொன்னின் மினுக்கம் நாலாம் வரிசையோடு பெரும்பாலும் நின்றுவிடும். நல்ல பொன்முதுகில் அது ஐந்தாம், ஆறாம் வரிசைகளையும் கடந்து முதுகின் இருபுறமும் கூடும். இந்த மரபின் கணக்கு நேர்மையானது. எனினும் வெண்தொட்டியில் தெரியும் நிறத்தை மீனின் நிறமென்று எழுதிவைக்கக் கூடாது. சாதாரண தொட்டிக்கு மாற்றிச் சில கிழமைகள் கழிந்தபின் எஞ்சி நிற்பதே அதன் நிறம்.

சிவப்பு வம்சத்தார் பின்பற்றுவது டேனிங் முறை. வெள்ளையும் சிவப்பும் கலந்த விளக்கை நீர்மட்டத்துக்கு மிக அருகே அல்லது நீருக்குள்ளேயே வைத்து, நாளின் பெரும்பகுதி எரியவிடுவர். சிவப்பு வகைகளில், கூர்ந்த வாலும் அகன்ற உடலும் கொண்ட சில்லி ரெட் நிறமேற வருடங்கள் எடுக்கும். விசிறி வால் பிளட் ரெட் முந்திக்கொள்ளும். உதடு, மீசை, செட்டை, பின்னர் செவுள்மூடி, கடைசியாகச் செதிலின் ஓரம் என்ற ஒழுங்கில் சிவப்பு ஏறுவதையே தேர்ந்தவர்கள் பார்ப்பர். இரவு பகலாக விளக்கை எரியவிடும் வழக்கமும் உண்டு. இமையில்லாத, இரவில் இரை தேடும் மீனுக்கு அது கொடுமை. கருந்தொட்டி மரபு வெண்தொட்டி மரபின் மறுபக்கம்: கறுத்த பின்னணியில் சிவப்பு ஆழமாகத் தெரியும், கூடவே முதுகும் கறுக்கும். அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

வன்னிப் பாணி பகல் வெளிச்சத்தை நம்பியது. போர்க்காலத்தில் வவுனியாவுக்கு வடக்கே நீண்ட காலம் மின்வலையமைப்பு இருக்கவில்லை. தங்கமீனும் கப்பியும் வளர்த்தவர்கள் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியையும் கிடுகுப் பந்தலையும் கொண்டே நிறத்தைப் பேணினர். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் அரோவானா வந்தபோது அந்தக் கைப்பழக்கம் அப்படியே அதற்கும் கைகொடுத்தது. கிழக்கே திறந்த தொட்டி, நடுப்பகலுக்கு மூடிய பந்தல், சாய்ந்த காலை வெயிலுக்காக ஒவ்வொரு வரிசையாக நீக்கப்படும் கிடுகு: இதுவே முறை. கிடுகை ஒரேயடியாக இழுத்தால் மீன் மிரண்டு துள்ளும் என்பதால், மூத்தோர் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, மீனின் செவுள் அசைவு அமைதிப்பட்ட பிறகே அடுத்த வரிசையைத் தொடுவர். வன்னியின் வளர்ப்பு முன்னோடிகளிடமிருந்து வந்த இந்தப் பொறுமையை எந்தக் கைநூலும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரவில்லை.

இம்முறைக்கு இயற்கையின் துணையும் உண்டு. கப்புவாஸ் நிலநடுக்கோட்டில் ஓடுகிறது. கிளிநொச்சி அதற்கு வடக்கே ஒன்பது பாகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். எனவே ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியால வெளிச்சம் தானாகவே கிடைக்கிறது. குறை தண்ணீரில்தான். கப்புவாஸ் நீர் கரிச்சேற்று நிலத்தில் ஊறித் தேயிலைச் சாயம் போன்றது. அந்தச் சாயம் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால், மீனிடம் போய்ச் சேர்வது மஞ்சளும் சிவப்பும் கலந்த தணிந்த வெளிச்சம். பூநகரிப் பக்கத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரோ தெளிவானது, வன்மையானது. மாரி மழைநீரைச் சேமித்துக் கலந்து, காய்ந்த வாதுமை இலையை ஊறவைத்து இக்குறையை ஈடுசெய்வர். சோளகத்தில் புழுதி படியும்போது நீரின் மேற்பரப்பை வடிக்காவிட்டால் வெளிச்சம் குறைந்துவிடும்.

தீனைச் சொல்லாமல் வெளிச்சத்தைச் சொல்லி முடிக்க இயலாது. சிவப்புக்கு வேண்டிய கரோட்டினொயிட்டை மீன் தானாக ஆக்குவதில்லை. அஸ்டாசாந்தின் இறாலிலிருந்து வர வேண்டும். நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் இறால் படும் மண்ணில் இதற்குப் பஞ்சமில்லை. வயலில் பிடித்த வெட்டுக்கிளி நல்ல தீன்தான், ஆனால் மருந்து தெளித்த வயலில் பிடித்தது தொட்டியையே முடித்துவிடும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. விளக்கை மட்டும் நம்பிய தொட்டிகளில் நேரங்கெட்ட நேரத்தில் இருளும் வெளிச்சமும் மாறி மாறி வந்தன. திடீரென்று விளக்கு எரிந்தால் அரோவானா மூடியில் மோதும். அறை விளக்கை முதலிலும் தொட்டி விளக்கைக் கால் மணித்தியாலம் கழித்தும் போடுவதென்ற பழைய விதியின் அருமை அப்போது பலருக்கும் விளங்கியது. முற்றத்துத் தொட்டிகளுக்குக் காற்றுப் பம்பியைப் பற்றிய கவலை மட்டுமே இருந்தது.

அண்மைக் காலக் காட்சி வழக்கங்களைப் பற்றி எவரையும் குறிக்காமல் சில சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்வத்தினாலேயே பலர் அவற்றைப் பின்பற்றுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிவந்த விளக்கின்கீழ் மீனை நிறுத்தி அதன் சிவப்பைப் புகழ்வது தரமாகாது. அவ்விளக்கில் வெள்ளி அரோவானாவும் சிவக்கும், தொட்டிக் கல்லும் சிவக்கும், பார்ப்பவர் முகமும் சிவக்கும். வெள்ளி அரோவானாவை அப்படிக் காட்டி விலை பேசுவதும் நடக்கிறது. படம் எடுத்தபின் கைபேசியில் இன்னொரு முறை சிவப்பேற்றுகின்றனர். புதிதாக வருவோர் மீனின் வம்சத்தைக் கேட்குமுன் விளக்கின் பெயரைக் கேட்கின்றனர். காலை வெயிலில் ஒரு மீனைப் பார்த்தே இராதவர் நடுவராக அமர்கிறார். அவர் வழங்கிய பரிசைப் பார்த்து அடுத்தவர் விளக்கு வாங்குகிறார். செவுள்மூடியில் முதற்சிவப்பு எப்போது ஏறியது என்று நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அற்றுப்போயிற்று. போர்க்காலத்தின் இரு தசாப்த இருளிலும் கெடாமல் காப்பாற்றப்பட்ட கண், வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் கெட்டுப்போகிறது. இது மீன் வளர்ப்புக்கு மட்டும் வந்த கேடன்று. பார்வைக்கே, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் நேர்மைக்கே வந்த கேடு. இதைச் சிறு விடயமென்று தள்ளிவைப்போர், தரம் என்ற சொல்லையே சபையிலிருந்து எடுத்துவிடலாம்.

மூத்தோர் பேணிய சோதனை எளிது. தொட்டிக் கண்ணாடியின் உட்புறத்தில், விளக்கு படும் இடத்தில், ஒரு வெள்ளைத் தட்டைப் பிடிக்க வேண்டும். தட்டு வெள்ளையாகத் தெரிந்தால் மீனைப் பார்க்கலாம். தட்டே சிவந்தால் விளக்கை மாற்ற வேண்டும். பகலொளிக்கு நிகரான 6500 கெல்வின் வெள்ளை விளக்கு போதுமானது. வெள்ளி அரோவானாவில் தலையிலிருந்து வால் வரை இடைவெட்டில்லாத மினுக்கமும், சாய்ந்த ஒளியில் மட்டும் தெரியும் நீலமும் இளஞ்சிவப்பும் பார்க்கப்படும். ஆசிய வகைகளில் நிறத்தோடு உடல்வாகு, செதில் ஒழுங்கு, செட்டை, மீசை, கண், நீந்தும் நிமிர்வு என்பனவும் எடைபோடப்படும். பயணத்தில் மீன் வெளிறும் அல்லது இருளும் என்பதால், கண்காட்சித் தொட்டியில் விட்டுக் குறைந்தது ஓர் இரவாவது இருளில் ஓய்வுகொடுத்து, மறுநாள் வெள்ளை வெளிச்சத்தில் அது நிலைப்பட்ட பின்னரே நடுவர் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.