‘பயமாக இருக்கிறது’ என்றொரு கலைச்சொல்

சமீப ஆண்டுகளில் நான் வாசித்த கறாரான உரைநடை எது என்று கேட்டால், நாவல் எதையும் சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரல் 30 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ரோஜர்ஸ் எழுதிய 80 பக்க உத்தரவைத்தான் சொல்வேன். எபிக் கேம்ஸ் ஆப்பிள்மீது போட்ட வழக்கில், நீதிமன்றத்தை ஆப்பிள் அவமதித்தது என்று முடிவுசெய்யும் உத்தரவு அது. சட்டப்பிரிவு எண்கள் அதில் இருக்கத்தான் செய்கின்றன, தாண்டிப் போய்விடலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு நிறுவனம் எழுதிய நாலைந்து வாக்கியங்களை நீதிபதி ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார். இந்தச் சொல்லை யார் போட்டது, ஏன் போட்டது, முந்தைய வடிவத்தில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நம்மூரில் கவிதை விமர்சனம் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

முன்கதை சுருக்கமாக. ஐபோன் செயலிக்குள் டிஜிட்டல் சரக்கு எதை வாங்கினாலும் பணம் ஆப்பிளின் கல்லா வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதில் 30 சதவீதம் ஆப்பிளுக்கு, சிறு நிறுவனம் என்றால் 15. ‘எங்கள் இணையதளத்தில் வாங்கினால் விலை குறைவு’ என்று செயலிக்குள் ஒரு வரி எழுதவும் அனுமதி இருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் சொந்தக் கல்லாவைத் திறந்தது. அன்றைக்கே ஆப்பிள் அந்த விளையாட்டைக் கடையிலிருந்து தூக்கியது, அன்றைக்கே எபிக் வழக்குப் போட்டது. 2021 செப்டம்பரில் இதே நீதிபதி தந்த தீர்ப்பில் பத்தில் ஒன்பது குற்றச்சாட்டுகளில் ஆப்பிளுக்கு வெற்றி. தோற்றது ஒன்றில்தான், மேலே சொன்ன அந்த ஒரு வரியில். வெளியே விலை குறைவு என்று சொல்வதை இனித் தடுக்கக் கூடாது என்று தடையாணை வந்தது. மேல்முறையீடுகள் எல்லாம் ஓய்ந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது 2024 ஜனவரி 16 அன்று.

(எபிக் ஒன்றும் பாவப்பட்ட ஜீவன் இல்லை. குழப்பும்படி பொத்தான்களை வைத்துப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வேண்டாததை வாங்க வைத்தது என்ற புகாரில், அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்ட நிறுவனம் அது. பொத்தான்களைப் பற்றி அவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.)

தடையாணைக்கு ஆப்பிள் எப்படிக் கீழ்ப்படிந்தது என்பதுதான் உத்தரவின் கதை. வெளியே போகும் லிங்க் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் லிங்க்கைத் தொட்ட ஏழு நாட்களுக்குள் அந்த வெளித்தளத்தில் நடக்கும் வாங்கலுக்கு 27 சதவீதம் தர வேண்டும். லிங்க் பொத்தான்போலத் தெரியக் கூடாது, வெறும் எழுத்தாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில்தான் இருக்கலாம், வாங்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கணக்கை மாதாமாதம் ஒப்படைக்க வேண்டும். தணிக்கைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

27 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். வெளியே கார்டு வழியாகப் பணம் வாங்கினால் அதற்கான செலவே ஏறக்குறைய 3 சதவீதம் ஆகும். 27-உம் 3-உம் 30. லிங்க் வைத்த டெவலப்பருக்கு மிச்சம் ஒன்றுமில்லை, கூடுதல் வேலையும் தணிக்கைப் பயமும்தான் லாபம். 2024 மே மாத விசாரணையின்போது ஏறத்தாழ 1,36,000 டெவலப்பர்களில் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் 34 பேர். கதவைத் திறந்து வைத்தாயிற்று, யாரும் வரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது என்கிற தோரணை.

எண்ணைக் கணக்கிட யாராலும் முடியும். நீதிபதி அடுத்துப் போகும் இடம் எச்சரிக்கைத் திரை. லிங்க்கைத் தொட்டதும் முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு ஒரு அறிவிப்பு வரும்: நீங்கள் வெளி இணையதளத்துக்குப் போகப்போகிறீர்கள், அங்கே நடக்கும் வாங்கலின் பாதுகாப்புக்கு ஆப்பிள் பொறுப்பில்லை. சாதாரண வாக்கியம், படித்துவிட்டுக் கடந்து போயிருப்போம். ஆனால் ஆப்பிள் ஊழியர்களின் உள் உரையாடல்கள் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன. அதில், திரைக்கு வாசகம் எழுதும் குழுவின் மேலாளர் ஒருவர் ‘வெளி இணையதளம்’ என்ற தொடரைச் சேர்க்கச் சொல்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: அது பயமாக ஒலிக்கிறது, மேலே இருப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொரு இடத்தில் ஒருவர், இதை இன்னும் மோசமாக்க வேண்டுமானால் செயலியின் பெயருக்குப் பதிலாக டெவலப்பரின் பெயரைப் போடலாமே என்கிறார். பதில்: ‘ஓ, மேலே சொல்லு.’

டெவலப்பர் பெயர் ஏன் மோசம் என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சட்டெனப் புரியாது. தினமும் திறக்கும் செயலியின் பெயர் உங்களுக்குத் தெரியும். அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் தெரியாது. கேள்விப்படாத ஒரு பிரைவேட் லிமிடெட்டிடம் பணம் கட்டப்போகிறாய் என்று திரை சொன்னால் கை தானாகப் பின்வாங்கும். திரை சொன்னதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. முழுக்க உண்மையான சொற்களை வைத்துக்கொண்டு ஆளைத் தடுத்து நிறுத்தும் எழுத்து இது. டிம் குக் வரைக்கும் போய், ஆப்பிளின் தனியுரிமை, பாதுகாப்பு விதிகள் வெளியே செல்லாது என்பதையும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் வந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் தலைவர் ஒரு திரையின் வாசகத்துக்குப் பிரதி மேம்படுத்துநராக உட்கார்ந்திருக்கிறார்!

எங்கள் வேலையில் ‘ஸ்ட்ரிங்ஸ் ஃபைல்’ என்று ஒன்று உண்டு. திரையில் தெரியும் எல்லா வாசகங்களும் அதில்தான் இருக்கும். நிரலை வரிக்கு வரி பார்க்கிற மூத்த பொறியாளர்கூட அந்த ஃபைலில் மாற்றம் வந்தால் ‘டெக்ஸ்ட் சேஞ்ச்தானே’ என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ‘ரத்து செய்’ என்பது ‘சலுகைகளை இழக்கிறேன்’ என்று மாறும் இடம் அதுதான். ஒரு கமிட்டில் இரண்டு சொல் மாறும், அடுத்த மாதம் ரத்து செய்வோர் எண்ணிக்கை குறைந்திருக்கும், யாரோ ஒருவருக்கு நல்ல அப்ரைசல் வரும். இலக்கியம் வாசிக்கிற என்னைப்போன்ற ஆட்களுக்கு, சொல்லுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதா என்று புல்லரிக்க வேண்டிய இடம். புல்லரிக்கவில்லை.

விசாரணையில் இதற்கு ஆப்பிள் தரப்பு சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. ‘பயமாக’ என்பது எங்கள் துறையில் ஒரு கலைச்சொல், பயனரிடம் விழிப்பையும் எச்சரிக்கையையும் உண்டாக்குவது என்றுதான் அதற்குப் பொருள் என்றார்கள். நீதிபதி இதை நம்பவில்லை. ஒரு சொல்லின் பொருளை அகராதி வைத்துத் தீர்மானிப்பதா, அதைப் பேசியவர்கள் அடுத்த வரியில் எப்படிச் சிரித்தார்கள் என்பதை வைத்துத் தீர்மானிப்பதா என்ற கேள்விக்கு அவர் இரண்டாவது வழியில் போகிறார். நல்ல வாசகர் அப்படித்தான் போவார்.

ஆனால் இந்த உத்தரவு எனக்கு இடறுகிற இடமும் இதுவேதான். எண்பது பக்கங்களும் நோக்கத்தைத் தேடிப் போகின்றன. ஃபில் ஷில்லர் தடையாணைக்கு இணங்கச் சொன்னார், நிதித்துறை வேறு சொன்னது, குக் நிதித்துறையைக் கேட்டார். ‘குக் தவறாகத் தேர்ந்தெடுத்தார்’ என்று ஆங்கிலத்தில் மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம். முடிவு 2023 ஜூலையிலேயே பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்க, 2024 ஜனவரி 16 வரை கட்டணம் எவ்வளவு என்றே தெரியாது என்று சத்தியம் செய்து சாட்சி சொன்ன நிதி அதிகாரியைப் பொய்யர் என்றே எழுதி, கிரிமினல் அவமதிப்பா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கு அனுப்புகிறார். ‘இது தடையாணை, பேரம் அல்ல’ என்று சொல்லி, வெளியே நடக்கும் வாங்கலுக்கு இனி ஒரு காசும் கூடாது என்று முடிக்கிறார். வாசிக்கும்போது விசில் அடிக்கத் தோன்றுகிறது. நல்லவர், கெட்டவர், பொய் சொல்லி மாட்டியவர் எல்லாரும் இருக்கிறார்கள்.

சரி, யாரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். சாட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை முடிவுக்குப் பின்னால் வராமல் முன்னாலேயே வந்திருக்கிறது. கட்டணம் அதே 27 சதவீதம். இப்போது என்ன தீர்ப்பு? உத்தரவிடம் இதற்குப் பதில் இல்லை. கடை வைத்தவன் கேட்கத் தகுந்த விலை எவ்வளவு என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. முதலில் 30 சதவீதத்தை நிர்ணயித்தபோதும் கடை நடத்தும் செலவை யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதை 2021 தீர்ப்பே பதிவுசெய்திருக்கிறது. அப்படியிருந்தும் விலையை விட்டுவிட்டு வாசகத்தைப் பிடித்தது சட்டம். 2025 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவமதிப்பு முடிவை உறுதிசெய்தது. ‘ஒரு காசும் கூடாது’ என்ற பகுதியை மட்டும் ஏற்கவில்லை, ஏதோ ஒரு கட்டணம் இருக்கலாம் என்று திருப்பி அனுப்பியது. ஐந்து வருடம் கழித்து மறுபடி விலையிலேயே வந்து நிற்கிறது வண்டி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வாசிப்பு சாத்தியமானதே சாட் பதிவுகள் அழியாமல் இருந்ததால்தான். எபிக் கூகுள்மீது போட்ட தனி வழக்கில், ஊழியர்களின் சாட்டுகள் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது பெரிய விவகாரமானது. அந்த வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி எபிக் பக்கம் நின்றது வேறு விஷயம். ஆப்பிளின் இந்த 80 பக்கத்தைப் படித்த எந்தக் கம்பெனி வக்கீலும் முதலில் சொல்லப்போவது, விலையைக் குறை என்று இருக்காது. சாட்டில் சிரிக்காதே என்றுதான் இருக்கும்.

27 என்ற எண் அமெரிக்காவில் பிறந்ததும் இல்லை. நெதர்லாந்தில் டேட்டிங் செயலிகளுக்கு வெளிக் கல்லாவை அனுமதிக்கச் சொன்னார்கள், 2022-இல் ஆப்பிள் அங்கே வைத்த கட்டணம் 27. தென்கொரியா 2021-இல் சட்டமே கொண்டுவந்தது. கூகுள் 4 சதவீதப் புள்ளி குறைத்தது, ஆப்பிளும் 26-இல் வந்து நின்றது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது (மேல்முறையீட்டில் 2025 மார்ச்சில் அது 216.69 கோடியானது). வேறு கல்லாவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது கூகுள். அப்படிச் சேர்த்தால் 30 என்பது 26, 15 என்பது 11. மூன்று கண்டங்கள், நான்கு நாடுகள், இரண்டு கம்பெனிகள், ஏறக்குறைய ஒரே கழித்தல் கணக்கு.

இதில் இந்தியப் பகுதிக்கு ஒரு சென்னைக் கதை இருக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம் உட்படப் பல நிறுவனங்கள் இந்தக் கட்டணத்தை எதிர்த்து மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஆகஸ்டில் அந்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விவகாரம், சிவில் நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றார்கள். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. ஆனால் வழக்கு வாசலிலேயே நின்றுவிட்டால் சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, உள் ஆவணங்களைக் கொடு என்று கேட்கும் கட்டம் இல்லை. 26 என்று எந்தக் கூட்டத்தில், எந்த மாதத்தில் முடிவானது, அப்போது யார் சிரித்தார்கள் என்று சென்னையில் யாரும் கேட்க நேரவில்லை.

2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, ஜோடி உள்ளிட்ட செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து நீக்கியது. மத்திய அமைச்சர் கூப்பிட்டுப் பேசினார். சில நாட்களில் செயலிகள் தற்காலிகமாகத் திரும்பி வந்தன, கட்டணம் கட்டக் கெடு கொஞ்சம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் முழுக் கட்டணத்துக்கும் பில் போடுவோம் என்று கூகுள் சொன்னது. அந்த அறிக்கையை ‘ஒத்துழைப்பின் உணர்வில்’ என்றுதான் தொடங்கியிருந்தார்கள்.